செங்கோட்டைக் குரலும் அரக்குத் தட்டும்

ஒரு பக்கத்துக்கு மூன்று நிமிடம், கூடிப்போனால் மூன்றரை. நாடக நடிகர் செங்கோட்டை எஸ்.ஜி. கிட்டப்பாவின் குரலுக்கு இசைத்தட்டில் கிடைத்த இடம் அவ்வளவுதான். மேடையில் அவர் ஒரு பாட்டை எடுத்தால் 'ஒன்ஸ்மோர்' கூச்சலில் அது அரை மணி நேரம்கூட நீளும் என்று கேட்டவர்கள் சொல்லிவைத்துப் போயிருக்கிறார்கள். அந்த மேடைகளில் ஒன்றுகூட இன்று நம் காதுக்கு எட்டாது. தமிழின் முதல் பேசும்படமான 'காளிதாஸ்' 1931 அக்டோபர் 31 அன்று வெளியானது. கிட்டப்பா 1933 டிசம்பர் 2 அன்று, 27 வயதில் இறந்தார். நடுவே இரண்டு வருஷம் இருந்தும் அவர் எந்தப் படத்திலும் நடிக்கவில்லை. ஆகவே அந்தக் குரல் நம்மிடம் வந்துசேர இருந்த ஒரே வாகனம் பத்து அங்குலக் கறுப்புத் தட்டு. பாடியவரைப் பற்றி நிறையவே எழுதிவிட்டார்கள். தட்டின் கதையை அவ்வளவாக யாரும் சொல்வதில்லை.

ஊரிலிருந்து தொடங்குவோம். தென்காசியிலிருந்து மேற்கே எட்டுக் கிலோமீட்டர் போனால் செங்கோட்டை. குற்றாலத்தில் சாரல் அடித்தால் இங்கும் அடிக்கும். இன்று மூன்றும் ஒரே மாவட்டம். 2019 நவம்பரில் தென்காசி தனி மாவட்டமானது. கிட்டப்பா பிறந்த 1906இல் நிலைமை வேறு. தென்காசி பிரிட்டிஷ் சீமை, செங்கோட்டை திருவிதாங்கூர் மகாராஜாவின் சீமை. 1956 நவம்பர் 1 அன்றுதான் செங்கோட்டை சென்னை ராஜ்யத்தோடு சேர்ந்தது. தமிழ் நாடக மேடையின் மிகப் பெரிய குரல் சட்டப்படி ஒரு திருவிதாங்கூர்ப் பிரஜையின் குரல். அவர் பிறப்பதற்குச் சற்று முன்புதான் ஊருக்கு ரயில் வந்திருந்தது. 1904இல் மலையைக் குடைந்து செங்கோட்டையிலிருந்து புனலூருக்குப் பாதை போட்டு, திருநெல்வேலியையும் கொல்லத்தையும் இணைத்தார்கள். நாடகக் கம்பெனிகளின் திரையும் சாமான்களும், பிற்பாடு கிராமபோன் பெட்டிகளும் வந்து இறங்கியது இந்த மீட்டர் கேஜ் தடத்தில்தான்.

கங்காதர ஐயருக்கும் மீனாட்சியம்மாளுக்கும் 1906 ஆகஸ்ட் 25 அன்று பிறந்த பிள்ளைக்கு வைத்த பெயர் ராமகிருஷ்ணன். வீட்டில் கிட்டன், மேடையில் கிட்டப்பா. அவருக்கு ஐந்து வயதாகும் முன்பே ஊரின் இன்னொரு பிள்ளை வாஞ்சிநாதன் மணியாச்சியில் திருநெல்வேலி கலெக்டர் ஆஷைச் சுட்டுவிட்டுத் தன்னையும் சுட்டுக்கொண்டு 25 வயதில் முடிந்துபோனார். செங்கோட்டையின் பெயரை வெளியுலகம் தெரிந்துகொண்டது இந்த இருவரால். இருவருமே முப்பதைப் பார்க்கவில்லை.

கிட்டப்பாவின் அண்ணன்மார் நாடகத்துக்குப் போனார்கள். அவர்கள் பின்னால் தம்பியும் போனார். சங்கரதாஸ் சுவாமிகளின் குழுவில் சிறுவனாகச் சேர்ந்து, பிறகு கன்னையா கம்பெனிக்கு வந்தபோது பெயர் ஊரெல்லாம் பரவிவிட்டது. கன்னையா கம்பெனி காட்சி ஜோடனைக்குப் பேர்போனது. அவர்களுடைய 'தசாவதாரம்' நாடகத்துக்குச் சனங்கள் திரையையும் தந்திரக் காட்சியையும் பார்க்க வந்தார்கள். கிட்டப்பா சேர்ந்தபிறகு கேட்கவும் வந்தார்கள். குருகுலத்தில் உட்கார்ந்து முறைப்படி சங்கீதம் கற்றவரல்ல அவர். கேட்டதைப் பிடித்துக்கொள்ளும் காது. பிடித்ததை மறுநாள் மேடையில் இரண்டு மடங்காக்கித் தரும் தொண்டை. அண்ணன் காசி ஐயரின் ஆர்மோனியம் பக்கத்தில். மைக் கிடையாது. கொட்டகையின் கடைசியில் மண்ணில் உட்கார்ந்திருக்கும் தரை டிக்கெட்காரருக்கும் வார்த்தை விளங்க வேண்டும். அதனால் நாடகக்காரர்கள் எல்லோருமே உயர்ந்த சுருதியில் பாடிப் பழகியவர்கள். அந்த உயரத்திலும் பிருகா உதிராமல் வந்ததுதான் கிட்டப்பாவின் தனிச்சொத்து.

1920களின் நடுவில் கொழும்பு மேடை அவரையும் கொடுமுடி கே.பி. சுந்தராம்பாளையும் சேர்த்து வைத்தது. ராஜபார்ட்டும் ஸ்திரீபார்ட்டும் ஒரே உச்சத்தில் மோதிக்கொள்வதைக் கேட்க ஸ்பெஷல் நாடகங்களுக்குக் கூட்டம் திரண்டது. அவர்கள் சேர்ந்து வாழ்ந்ததையும் பிரிந்ததையும் பத்திரிகைகள் போதுமான அளவு எழுதிவிட்டன. தட்டின் கதைக்கு இவ்வளவு போதும்: இந்த ஜோடியின் புகழ் உச்சத்தில் இருந்த அதே சமயத்தில்தான் கிராமபோன் கம்பெனிகள் தமிழ்நாட்டில் குரல் தேடி அலைந்தன.

இந்தியாவில் வியாபாரத்துக்கென்று ஒலிப்பதிவு தொடங்கியது 1902இல், கல்கத்தாவில். லண்டனிலிருந்து வந்த ஃப்ரெட் கெய்ஸ்பெர்க் அங்கே கௌஹர் ஜானைப் பாடவைத்தார். அந்தப் பெண்மணி ஒவ்வொரு பாட்டின் முடிவிலும் தன் பெயரை ஆங்கிலத்தில் உரக்கச் சொல்லுவார். தட்டு அச்சாவது ஜெர்மனியின் ஹனோவரில். அங்குள்ளவர்களுக்கு எந்தத் தட்டு யாருடையது என்று தெரிய வேண்டுமே. 1908இல் கல்கத்தா சியால்டாவிலேயே ஆலை வந்தது. 1928இல் அது டம்டம்முக்குப் பெயர்ந்தது. 1925 வாக்கில் மேல்நாட்டில் மின்சார ஒலிப்பதிவு வந்து, தகரப் புனலுக்குள் தலையை விட்டுக் கத்தும் காலம் முடிந்தது. மைக்கின் முன்னால் நின்று, பாடுகிறமாதிரியே பாடலாம். கிட்டப்பாவுக்கு வயதும் குரலும் கனிந்த நேரம் இந்த மாற்றத்தோடு பொருந்தியது. பத்து வருஷம் முன்னால் அவர் பிறந்திருந்தால் நமக்குக் கிடைத்திருப்பது புனல் வழியாக வந்த ஒரு தகரச் சத்தம்.

கம்பெனிகள் நாடகக்காரர்களைத் தேடி வந்ததற்குக் காரணம் எளிது. சபா கச்சேரி கேட்பவர்கள் கொஞ்சம் பேர். நாடகப் பாட்டை மதுரையிலிருந்து மலேயா வரை வண்டிக்காரரும் முணுமுணுத்தார்கள். நாடகம் முடிந்து ஆட்கள் கிளம்பிய பிறகும் பாட்டு ஊரில் தங்கியிருக்கும். அப்படித் தங்கிய பாட்டை விற்பது சுலபம். சங்கீத விமர்சகர்களில் சிலர் இதைக் கேட்டு முகம் சுளித்தார்கள். சுளித்தவர்கள் வீட்டுத் திண்ணையிலும் பிளேட் சுழன்றது என்பதே என் அனுமானம்.

ஒலிப்பதிவு நடந்த விதத்தை நினைத்தால் இன்றைய பாடகர்களுக்குக் காய்ச்சல் வரும். இளஞ்சூட்டில் வைத்த மெழுகுத் தட்டில் ஊசி நேரடியாகக் கோடு கீறும். வெட்ட முடியாது, ஒட்ட முடியாது. நடுவில் பிசகினால் மெழுகைத் தூக்கிப் போட்டுவிட்டு முதலிலிருந்து. பதிவானதைப் போட்டுக் கேட்டால் மெழுகுக் கோடு அழிந்துவிடும். ஆகவே பாடியவர் தான் பாடியதைக் கேட்கவே முடியாது. மெழுகிலிருந்து உலோக அச்சு எடுத்து, மாதிரித் தட்டு வந்தபிறகுதான் கேட்கலாம். பக்கவாத்தியக்காரர்கள் மைக்கிலிருந்து எத்தனை அடி தள்ளி உட்கார வேண்டும் என்பதும் கணக்கு. எல்லாவற்றுக்கும் மேலே அந்த மூன்று நிமிடம்.

இந்தக் கட்டுப்பாடு கிட்டப்பாவைக் கெடுத்ததா, காப்பாற்றியதா? அவருடைய 'எவரனி'யைக் கேட்டுவிட்டுப் பதில் சொல்லுங்கள். தேவாமிர்தவர்ஷிணி ராகத்தில் தியாகராஜர் செய்த தெலுங்குக் கிருதி. உன்னைச் சிவன் என்றார்களா, மாதவன் என்றார்களா, பிரம்மா என்றார்களா, யார் எப்படி நிர்ணயித்தார்கள் என்று ராமனையே கேட்கும் பாட்டு. நாடகத்தில் கதைக்கும் இதற்கும் சம்பந்தம் இருக்க வேண்டிய அவசியமே இல்லை. ராஜபார்ட் மேடைக்கு வந்து ஒரு தியாகராஜ கிருதியைப் பாடிவிட்டு வசனத்துக்குப் போவார், யாரும் ஆட்சேபிக்க மாட்டார்கள். மேடையில் அவிழ்த்துக் கொட்டியதைத் தட்டில் மூட்டை கட்ட வேண்டியிருந்தது. தயங்கித் தயங்கி ராகத்தைத் தொட நேரமில்லை. முதல் பிடியிலேயே ராகம் முழுசாக நிற்கிறது. பிருகாக்கள் ஒன்றின் வாலை மற்றொன்று மிதிக்காமல் போகின்றன. கிருதியை நாடகக்காரர் பாடினார் என்று சங்கீத வித்வான்கள் ஒதுக்க முடியாமல்போனது இந்தத் தட்டால்தான். என்னைக் கேட்டால், அரை மணி நேர மேடைப் பாட்டைவிட இது நல்ல பாட்டாகவே இருந்திருக்கும். 'ஒன்ஸ்மோர்' கேட்கும் கூட்டம் ஒரு பாடகனுக்கு எப்போதும் நல்லது செய்வதில்லை.

வள்ளலாரின் 'கோடையிலே' எனத் தொடங்கும் விருத்தம் வேறு ரகம். தாளத்தின் பிடி இல்லாமல், ஒவ்வொரு சொல்லையும் நிறுத்தி அதன் நிழலில் கொஞ்சம் உட்கார்ந்துவிட்டு எழுந்து போவது. 'காமி சத்யபாமா' நாடகத்தின் குறும்பு. மூன்றையும் அடுத்தடுத்துக் கேட்டால் ஒரே ஆள் பாடியதென்று புதிதாகக் கேட்பவர் நம்ப யோசிப்பார்.

சரி, மெழுகு டம்டம்முக்குப் போய்விட்டது. தட்டு எதனால் ஆனது? பலரும் பிளாஸ்டிக் என்றே நினைக்கிறார்கள். அது அரக்கு. சோட்டா நாக்பூர்க் காடுகளில் புரசு, இலந்தை மாதிரியான மரங்களின் கிளைகளில் ஒட்டிக்கொண்டு சாறு உறிஞ்சும் குட்டிப் பூச்சிகள் சுரக்கிற பிசின். அதைச் சுரண்டிச் சுத்தம் செய்து, பலகைக்கல் தூளும் சுண்ணாம்புக்கல் தூளும் கரியும் சேர்த்துச் சூட்டில் பிசைந்து, உலோக அச்சுகளுக்கு நடுவே வைத்து அழுத்தினால் தட்டு. உண்மையில் அரக்கு கால்பங்குகூடத் தேறாது. மீதி கல்லும் கரியும்தான். உலகம் முழுவதும் தட்டு போட்டவர்கள் இந்தியாவின் காட்டுப் பூச்சியை நம்பித்தான் தொழில் நடத்தினார்கள். இரண்டாம் உலகப்போரில் அரக்கு வரத்துத் தடைப்பட்டபோது, மேல்நாடுகளில் பழைய தட்டைக் கொடுத்துவிட்டுப் புதியதை வாங்கிக்கொள்ளச் சொன்னார்கள்.

இதே டம்டம் ஆலையைப் பற்றி ஒரு சேதி. 1960களில் உலகமெங்கும் நிமிடத்துக்கு 78 சுற்று ஓடும் இந்தத் தட்டு செத்துப்போன பிறகும் இங்கே அச்சு ஓடிக்கொண்டிருந்தது. கிராமங்களில் சாவி கொடுக்கும் பெட்டிகள் உயிரோடு இருந்ததே காரணம். அதனால் பீட்டில்ஸ் குழுவின் பாட்டுகள்கூட டம்டம்மில் 78 சுற்று அரக்குத் தட்டாக வந்தன. லிவர்பூல் பையன்களின் இந்தத் தட்டுகளுக்கு இன்று சேகரிப்பாளர்கள் பெரும் விலை கொடுக்கிறார்கள். நம் ஊர்த் தட்டுகளை எடை போட்டு விற்றோம்.

கல்கத்தாவிலிருந்து சென்னைக்கு ரயில். சென்னையிலிருந்து தெற்கே இன்னொரு ரயில். 1927இல் விருதுநகரிலிருந்து தென்காசிக்குப் பாதை திறந்ததும், திருநெல்வேலியைச் சுற்றாமல் சரக்கு நேரே தென்காசியில் இறங்கும் வழி கிடைத்தது. செங்கோட்டையில் பிறந்த குரல் வங்காளத்துக்குப் போய், காட்டுப் பூச்சியின் பிசினில் பதிந்து, செங்கோட்டைக்கே பார்சலில் வந்தது. சேதமில்லாமல் வந்துசேர்ந்தால் அதிர்ஷ்டம். கைதவறினால் ஓடாக நொறுங்கும் சாமான் அது.

வாங்கியவர்கள் யார்? முதலில் பண்ணை வீடுகள், வக்கீல்கள், ஜவுளிக்கடை முதலாளிகள். ஆனால் கேட்டவர்கள் அவர்கள் மட்டும் அல்லர். திண்ணையில் பெட்டியை வைத்தால் தெருவே கேட்கும். காப்பி கிளப்புகள் கிராக்கியைக் கூட்டப் பெட்டி வைத்தன. பின்னால் ஒலிபெருக்கி வந்தபோது, திருநெல்வேலிச் சீமையில் 'ரேடியோ செட்' என்று சொல்லப்பட்ட வாடகைக் குழாய் ஸ்பீக்கர்கள் கல்யாணத்துக்கும் கோயில் கொடைக்கும் கட்டப்பட்டன. செட்காரரின் ரிக்கார்டு பெட்டியில் சினிமாப் பாட்டுகள் நிறைந்தபிறகும், பெரியவர்கள் கேட்டால் போடுவதற்கென்று அடியில் இரண்டு மூன்று நாடகத் தட்டுகள் கிடக்கும்.

இங்கேதான் தட்டின் தலைவிதி இருக்கிறது. அதில் பலகைக்கல் தூள் சேர்ப்பது வேண்டுமென்றே செய்வது. எஃகு ஊசி கோட்டுக்குள் இறங்கியதும், அந்தத் தூள் ஊசி முனையை உரசிக் கோட்டின் வடிவத்துக்குத் தேய்த்துக்கொள்ளும். ஆகவே ஒரு ஊசி ஒரு பக்கத்துக்குத்தான். அடுத்த பக்கத்துக்குப் புது ஊசி. சட்டம் அப்படி, வீட்டில் யார் பார்த்தார்கள்? ஒரே ஊசியில் பத்துப் பக்கம் ஓடும். மழுங்கிய ஊசி கோட்டின் சுவரை உழுதுவிடும். உச்ச ஸ்தாயியில், குரல் அகலமாக ஆடுகிற இடத்தில்தான் கோடும் அதிகம் ஆடும். தேய்மானமும் அங்கேதான் முதலில் விழும். கிட்டப்பாவின் தட்டில் எந்த இடத்துக்காக ஊர் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டதோ, அந்த இடமே முதலில் கரகரத்துப் போனது. இன்று பளிச்சென்று ஒலிக்கும் தட்டு கிடைத்தால் சந்தோஷப்படலாம். கூடவே, அதை வாங்கிய வீட்டில் யாருக்கும் அது பிடிக்கவில்லை என்றும் எண்ணிக்கொள்ளலாம். விரும்பப்படாதது தங்கி, விரும்பப்பட்டது கரைந்தது. பழைய இசையைப் பற்றி நாம் செய்யும் தீர்ப்புகளில் பாதி இதை மறந்து செய்பவை.

ஆல்பம் என்ற சமாச்சாரமும் அந்தத் தட்டுக் காலத்ததுதான். பாடகர் யோசித்து வரிசைப்படுத்தி ஒரே மூச்சில் வெளியிடுகிற பாட்டுத் தொகுதி என்று இப்போது அதற்குப் பொருள். 78 சுற்றுக் காலத்தில் ஆல்பம் என்பது நிஜமான புத்தகம்: கெட்டி அட்டைக்குள் வரிசையாகத் தைத்த காகித உறைகள். உறைக்கொரு தட்டு. என்ன தட்டை எந்த உறையில் போடுவது என்பது வாங்கியவர் இஷ்டம். முதலில் 'எவரனி', அதன்பின் சுந்தராம்பாளின் ஒரு தேசபக்திப் பாட்டு, அதன்பின் நகைச்சுவைத் தட்டு என்று ஒவ்வொரு வீட்டிலும் ஒரு வரிசை இருந்திருக்கும். ஒரு பக்கத்துக்கு இருபது நிமிடத்துக்கு மேல் ஓடும் எல்.பி. தட்டை அமெரிக்கக் கொலம்பியா 1948இல் கொண்டுவந்தபோதுதான் வரிசைப்படுத்தும் அதிகாரம் கேட்பவர் கையிலிருந்து கம்பெனிக்குப் போனது. கிட்டப்பா உயிரோடு இருந்தவரை அவருக்கு ஆல்பம் என்று ஒன்று கிடையாது. அவர் விட்டுப்போனது உதிரிப் பக்கங்கள். அவற்றைத் தொகுத்தவர்கள் ஊர் ஊராக இருந்த ரசிகர்கள்.

1933இல் அவர் இறந்ததும் தட்டின் குணமே மாறியது. நேற்றுவரை அது மேடையின் விளம்பரம். இன்று வேறு எதுவும் இல்லை என்ற நிலை. சுந்தராம்பாள் வெள்ளைப் புடவைக்கு மாறி மேடையை விட்டு ஒதுங்கினார். 1935இல் 'பக்த நந்தனார்' படத்தில் நந்தனாராகவே, ஆண் வேடத்தில், திரும்பி வந்தார்; அதற்கு அவர் கேட்டு வாங்கிய ஒரு லட்ச ரூபாய் அந்தக் காலத்தில் இந்தியாவே பேசிய தொகை. 1980 வரை வாழ்ந்தார். ஏறக்குறைய 47 வருஷம். 'ஔவையார்' படக் காலத்துக் குரலில் அவரை அறிந்தவர்கள் பழைய நாடகத் தட்டையும் ஒருமுறை கேட்க வேண்டும். ஜோடியாக நின்றவருக்கு ஈடுகொடுத்துக் கூர்தீட்டிய குரல் அது என்பது அப்போதுதான் புரியும்.

கிட்டப்பாவின் குரலோ வேறு தொண்டைகளுக்குள் குடியேறியது. சோழவந்தான் தென்கரையிலிருந்து வந்த டி.ஆர். மகாலிங்கம் அதில் முதல் ஆள். அவரைக் கதாநாயகனாக்கி ஏ.வி.எம். எடுத்த 'ஸ்ரீ வள்ளி' 1945இல் வந்தது; மேடையில் கிட்டப்பாவின் பெயரோடு ஒட்டிப்போயிருந்த 'காயாத கானகத்தே' அந்தப் படத்தின் வழியாகத் தமிழ்நாட்டின் சொத்தானது. படத்தை எடுத்த ஏ.வி. மெய்யப்பச் செட்டியாரும் தட்டு வியாபாரத்திலிருந்து வந்தவர் என்பதைக் கவனிக்க வேண்டும். 1932இல் சென்னையில் கூட்டாளிகளோடு சரஸ்வதி ஸ்டோர்ஸ் தொடங்கி இசைத்தட்டு விற்றார். எந்தப் பாட்டு விற்கும், எது விற்காது என்ற கணக்கைக் கல்லாப்பெட்டியில் படித்துவிட்டுத்தான் படம் எடுக்கப் போனார். 'ஸ்ரீ வள்ளி'யில் கதாநாயகி குமாரி ருக்மிணியின் பாட்டுகளைப் பிற்பாடு பி.ஏ. பெரியநாயகியின் குரலால் மாற்றிய துணிச்சலும் தட்டுக்கடைக்காரரின் காது செய்த வேலை. தியாகராஜ பாகவதரும் பி.யு. சின்னப்பாவும் நாடகத்திலிருந்து வந்த உச்சக்குரல்காரர்களே. தமிழ் சினிமாவின் முதல் பதினைந்து வருஷம் கிட்டப்பா நடிக்காத படங்களில் கிட்டப்பா பாடிக்கொண்டிருந்தார் என்று சொன்னால் கொஞ்சம் மிகைதான். கொஞ்சம் மட்டுமே.

வானொலி வந்தது. அகில இந்திய வானொலி 1938இல் சென்னையிலும் அடுத்த வருஷம் திருச்சியிலும் நிலையம் திறந்தது. 1940இல் ஆர்மோனியத்துக்கு வானொலியில் தடை போட்டார்கள். அது 1971 வரை நீடித்தது. நம் சுருதிகளுக்கு ஒத்துவராத மேல்நாட்டு வாத்தியம் என்பது வாதம். நாடகச் சங்கீதத்தின் முதுகெலும்பையே ஒலிபரப்பிலிருந்து உருவியதுபோல் ஆயிற்று. ஒரு தலைமுறையே ஆர்மோனியத்தைத் தாழ்வாக நினைக்க இந்தத் தடையும் ஒரு காரணம். நாடகப் பாட்டைத் தாழ்வாக நினைத்ததற்கும்தான்.

கேசட் காலத்தில் பழைய தட்டுகள் ஒலிநாடாவுக்கு ஏறின, பிறகு குறுந்தகடு, இப்போது கைப்பேசி. ஒவ்வொரு ஏற்றத்திலும் ஏதோ ஒன்று உதிர்ந்தது. கரகரப்பை நீக்குகிறேன் என்று மேல் அலைவரிசைகளை வழித்தெடுத்தவர்கள், பிருகாவின் கூர்மையையும் சேர்த்து வழித்துவிட்டார்கள். கம்பளிக்குள் இருந்து பாடுகிறமாதிரி இருக்கும் பிரதிகள் இணையத்தில் நிறைய. அதைவிடப் பெரிய சிக்கல் வேகம். 78 சுற்று என்பது பேருக்குத்தான். அந்தக்காலப் பதிவு இயந்திரங்கள் கொஞ்சம் முன்னேபின்னேதான் சுழன்றன. நிமிடத்துக்கு 78 சுற்றில் பதிந்ததை 80 சுற்றில் ஓட்டினால், சுருதி அரைக்கட்டையில் ஏறக்குறைய பாதி உயர்ந்துவிடும். குரலும் இளைத்து இன்னும் விறுவிறுப்பாகிவிடும். கிட்டப்பா எத்தனை கட்டையில் பாடினார் என்று சண்டை போடுகிறவர்கள், தாங்கள் கேட்கும் பிரதி எந்த வேகத்தில் எடுக்கப்பட்டது என்று முதலில் விசாரிக்க வேண்டும். அவர் உயரத்தில் பாடினார் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. பிரதிக்குப் பிரதி ஏறும் கட்டைக்கணக்கில் சந்தேகம் உண்டு.

இதற்கு மருந்து ஒன்றுதான்: மூலத் தட்டுகள் இன்னும் அதிகம் வெளியே வர வேண்டும். ஒரே பக்கத்துக்கு நாலைந்து தட்டுகள் கிடைத்தால், ஒன்றில் தேய்ந்த இடத்தை இன்னொன்றிலிருந்து எடுத்துக்கொள்ளலாம். வேகத்தையும் ஒப்பிட்டுச் சரிபார்க்கலாம். சட்டமும் குறுக்கே நிற்காது. இந்தியப் பதிப்புரிமைச் சட்டப்படி ஒலிப்பதிவின் உரிமை வெளியான வருஷத்துக்குப் பிறகு 60 ஆண்டுகள். 1933க்குள் வெளியான தட்டுகளின் உரிமை எப்போதோ தீர்ந்துவிட்டது. யாரும் பிரதியெடுக்கலாம், பகிரலாம்.

தென்காசி, செங்கோட்டை, கடையநல்லூர், சங்கரன்கோவில் பக்கத்து வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டுப் பரணில், மச்சு அறையில், பழைய கல்யாணப் பாத்திரங்களின் அடியில் கறுப்புத் தட்டுகள் இருந்தால் பழைய பேப்பர்க் கடைக்குப் போடாதீர்கள். சுவர்க்கடிகாரமாக்க ஆணியும் அடிக்காதீர்கள். ஸ்பிரிட்டால் துடைக்கவே கூடாது. சாராயம் பட்டால் அரக்கு கரையும். சுத்தமான தண்ணீரில் நனைத்த மெல்லிய துணியால், மத்தியில் ஒட்டியிருக்கும் காகிதத்தில் ஈரம் படாமல், கோட்டின் போக்கிலேயே துடைத்து நிழலில் உலர்த்துங்கள். படுக்கவைத்து அடுக்கினால் வளையும், கீறும்; புத்தகம்போல் நிறுத்தி வையுங்கள். சாவிப் பெட்டியில் போட்டுப் பார்க்கும் ஆசையை அடக்குங்கள். எல்.பி. தட்டின் ஊசியும் இதற்குப் பொருந்தாது. 78க்கென்று தடித்த ஊசி உண்டு. விவரம் கேட்கச் சென்னை தரமணியில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் இருக்கிறது. பழைய நாடகப் பாட்டுப் புத்தகங்களையும் நோட்டீஸ்களையும் காப்பாற்றி வைத்திருப்பவர்கள் அவர்கள். தட்டைக் கொடுக்க மனமில்லையென்றால் கொடுக்க வேண்டாம். பிரதியெடுக்க மட்டும் விடுங்கள். உறையின்மேல் யார் வாங்கியது, எந்த ஊரில் வாங்கியது, வீட்டில் யார் விரும்பிக் கேட்டது என்று பென்சிலால் எழுதிவையுங்கள். வீட்டில் எண்பதைத் தாண்டியவர்கள் இருக்கும்போதே கேட்டு எழுதிவிடுங்கள்.